தடுமாறும் குழந்தைக்கு உடல் வலுவும் சமநிலையும்: முதல் நாளிலிருந்து மறுமதிப்பீடு வரை

உங்கள் குழந்தை மேடுபள்ளம் இல்லாத தரையிலேயே தடுக்கி விழுகிறதா? கீழே உட்காராமல் கால்சட்டை போட முடிவதில்லையா? பந்து மார்பில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் கைகள் மூடுகின்றனவா? மற்ற பிள்ளைகள் ஏறி இறங்கும் சாதனங்களின் அருகே போகாமல் ஒதுங்கியே நிற்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்காக எழுதியது.

எங்கள் மகனுக்கு வழி தேடியபோது யாரும் எங்களுக்கு வரிசையாக எடுத்துச் சொல்லவில்லை. முதலில் யாரைப் பார்ப்பது, என்னென்ன தாள்களைக் கொண்டுபோவது, எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டத் தேவையில்லை என்பதெல்லாம் அலைந்து அலைந்துதான் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். படிகளை வரிசையாகத் தருகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலுவும் சமநிலையும் தேவைதான். ஆனால் அவை கூடினால் போதும், குழந்தை தானாகவே சைக்கிள் ஓட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். எது வரவில்லையோ அதையே சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துப் பழக்க வேண்டும். வலுப் பயிற்சி அதற்குத் துணை. கீழே வரும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

1. ஒரு வாரம் கவனியுங்கள், வீடியோ எடுங்கள்

மருத்துவர் முன்னால் 10 நிமிடம் நிற்கும் குழந்தை வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது. பயத்தில் அசையாமல் நிற்கும், இல்லையென்றால் அன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் நன்றாகச் செய்துவிடும். அதனால் வீடியோதான் உங்களுடைய முதல் ஆவணம்.

எடுக்க வேண்டியவை: படி ஏறுவது, படி இறங்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது, ஓடுவது, இரண்டு கால்களையும் சேர்த்துக் குதிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, நொண்டியடிப்பது, பந்து பிடிப்பது, பொத்தான் போடுவது, எழுதுவது. ஒவ்வொன்றும் அரை நிமிடம் இருந்தால் போதும். முழு உடலும் தெரிய வேண்டும். முக்கியமாகப் பாதங்கள் தெரிய வேண்டும். வெறுங்காலும் அரைக்கால் சட்டையும் இருந்தால் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று பார்க்கலாம். கோப்பின் பெயரில் தேதியைப் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இதே வீடியோக்கள்தான் உதவும்.

ஒற்றைக் காலில் நிற்கும் வீடியோவை மட்டும் நிதானமாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எத்தனை விநாடி நின்றது என்பதைவிட எப்படி நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊன்றிய காலின் விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். தூக்கிய கால் போய் மற்றக் காலைச் சுற்றிக்கொள்ளும். தோள்கள் காதுவரை ஏறும், மூச்சு நின்றுபோகும், நாக்கு வெளியே துருத்தும். இவ்வளவும் சேர்ந்து நடந்தால், நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கே குழந்தை முழு பலத்தையும் செலவழிக்கிறது என்று அர்த்தம். பயிற்சி தொடங்கிய பிறகும் இந்த அடையாளங்கள் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

ஓர் உத்தேச அளவு சொல்வதானால், 3 வயதில் ஒற்றைக் காலில் ஓரிரு விநாடி, 4 வயதில் 5 விநாடி அளவுக்கு, 5 வயதில் 10 விநாடி அளவுக்கு நிற்க வரும். குழந்தைக்குக் குழந்தை இது நிறையவே மாறும். இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது, பேசியது, குறைப்பிரசவமா, பிறந்தபோது எடை எவ்வளவு, இப்போது அன்றாட வேலைகளில் எதெது தடைபடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். “பந்து பிடிக்க வரவில்லை” என்பதைவிட, “காலையில் உடுத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, அதனால் தினமும் பள்ளிக்குத் தாமதம்” என்று எழுதுங்கள். மருத்துவர் அதைக் கவனிப்பார்.

2. பயிற்சிக்கு முன் குழந்தை மருத்துவர்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தடுமாற்றத்துக்கு வேறு உடல் காரணம் இருந்தால், பயிற்சி அதை மறைத்துவிடும். சில நோய்களில் கடுமையான பயிற்சி கெடுதலும் செய்யும்.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம்:

- முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை.
- தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுகிறது. கெண்டைக்கால் தசை வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருக்கிறது.
- ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலவீனமாக, விறைப்பாக இருக்கிறது.
- எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது.
- சில நாள்களுக்குள் திடீரென்று தள்ளாட்டம் வந்துவிட்டது. காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் இன்னும் அவசரம்.

கைகளை ஊன்றி எழுவதைக் கண்டால் மருத்துவர் சிகே என்ற இரத்தப் பரிசோதனை எழுதுவார். தசைச் சிதைவு நோய் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் முதல் வழி. பயந்து தள்ளிப்போடாதீர்கள், உடனே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கண், காது. பந்தைப் பிடிக்காத குழந்தைக்குப் பந்தே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு பரிசோதனைகளையும் அடுத்த படியில் வரும் அசைவுத் திறன் மதிப்பீட்டுக்கு முன்பே முடித்து, முடிவை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மதிப்பீடு செய்பவர் “முதலில் கண் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவார், அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை பின்பக்கமாக மடங்கும் குழந்தைக்குச் சில பயிற்சிகளை மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

“வளர வளரச் சரியாகிவிடும்” என்ற பதில் உங்களுக்கும் வரலாம். சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும். ஆனால் ஒருங்கிணைப்புச் சிக்கல் (கண், கை, கால் அசைவுகள் ஒன்றோடொன்று இசைந்து வராதது) உள்ள பல குழந்தைகளுக்கு அது பதின்பருவத்திலும் தொடர்கிறது. கோபப்படாமல், வீடியோவையும் தாளையும் காட்டி, “அன்றாட வேலை தடைபடுகிறது, மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும்” என்று நேராகக் கேளுங்கள். கடிதத்தில் “நரம்பியல் பரிசோதனை இயல்பு” என்ற வரி இருந்தால் அடுத்த இடத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. மதிப்பீடு: யார், எப்படி, எவ்வளவு நேரம்

குழந்தைகளைப் பார்க்கும் ஃபிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருவரும் இதைச் செய்வார்கள். நடை, வலு, சமநிலை அதிகம் தடைபட்டால் முதலாமவர். உடுத்துதல், எழுதுதல், கைவேலை அதிகம் தடைபட்டால் இரண்டாமவர். இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது. நோய்க்குப் பெயரிட்டு எழுதித் தருவது பெரும்பாலும் மருத்துவர்தான்.

வேறு காரணம் எதுவும் இல்லாமல் அசைவுத் திறன் மட்டும் வயதுக்குக் குறைந்து, அன்றாட வாழ்க்கையும் தடைபட்டால், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று எழுதுவார்கள். சுருக்கமாக டி.சி.டி.; டிஸ்ப்ராக்சியா என்றும் சிலர் சொல்வார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் 100 பேருக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கவனக்குறைபாடு கூடவே இருப்பது சகஜம், அதனால் அதையும் கேட்பார்கள். 5 வயதுக்கு முன்னால் பொதுவாகப் பெயரிட மாட்டார்கள். பெயர் வரும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அறிக்கையில் ஐ.சி.டி. குறியீடு, அதாவது நோய்களின் சர்வதேச வகைப்பாட்டு எண், இருக்கிறதா என்று பாருங்கள். 10ஆம் பதிப்பில் எஃப் 82, 11ஆம் பதிப்பில் 6ஏ04. காப்பீட்டுப் படிவமும் பள்ளிப் படிவமும் அந்தக் குறியீட்டைக் கேட்கும்போது, அறிக்கையில் அது இல்லையென்றால் மறுபடி ஒரு சந்திப்பு, மறுபடி ஒரு கட்டணம்.

சோதனைகளில் பரவலாகப் பயன்படுவது மூவ்மென்ட் ஏ.பி.சி. அதில் மூன்று பகுதிகள்: கைவேலை, குறிபார்த்து எறிந்து பிடித்தல், சமநிலை. இரண்டாம் பதிப்பு 3 முதல் 16 வயது வரைக்கானது. செய்து முடிக்க 20 முதல் 40 நிமிடம் ஆகும். முடிவைப் பெர்சன்டைலாகத் தருவார்கள். 5 என்றால், அதே வயதுக் குழந்தைகள் 100 பேரில் 95 பேர் அளவுக்கு இதைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று பொருள். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் தெளிவான சிக்கல். 6 முதல் 15 வரை என்றால் கவனிக்க வேண்டிய நிலை. மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் மூன்று பகுதிகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கைவேலை நன்றாக இருந்து சமநிலை மட்டும் தாழ்ந்திருந்தால் வீட்டுத் திட்டமே வேறு.

முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: மதிப்பீட்டுக்கும் பயிற்சி அமர்வுக்கும் தனித்தனிக் கட்டணமா? எழுத்து அறிக்கைக்குத் தனியாகப் பணம் உண்டா? அறிக்கை எத்தனை நாளில் கையில் வரும்? பள்ளிக்குக் கடிதம் தருவீர்களா? நாங்கள் போன ஓரிடத்தில் எந்தச் சோதனையும் செய்யாமல், குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில், பல மாதத்துக்கான தொகையை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் பணம் கேட்கும் இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

சந்திப்பைக் காலை நேரத்தில் வாங்குங்கள். பள்ளி முடிந்து களைத்து வரும் குழந்தையின் மதிப்பெண் அதன் உண்மையான நிலையைக் காட்டாது.

4. கோப்பு

ஒரே கோப்பு, தேதி வாரியாக: பிறப்பு மற்றும் வளர்ச்சிக் குறிப்பு, கண்–காது முடிவுகள், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, ஆசிரியரின் கடிதம், நோட்டுப் புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கங்களின் நகல், ரசீதுகள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாவற்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இலக்கைக் குழந்தை சொல்லட்டும்

“உனக்கு எது செய்ய வந்தால் நன்றாக இருக்கும்?” என்று கேளுங்கள். நாம் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருப்போம், குழந்தை ஊஞ்சலில் தானாக உந்தி ஆட வேண்டும் என்று சொல்லும். ஊஞ்சலிலிருந்தே தொடங்குங்கள். குழந்தைக்கு வேண்டியதாக இருந்தால்தான் பலமுறை தவறினாலும் திரும்பிவந்து முயலும். ஒரு நேரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. போட்டியில் ஜெயிப்பது போன்ற இலக்கு வேண்டாம். சில வாரங்களில் எட்டக்கூடியதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்: “பெடல் இல்லாத சைக்கிளில் ஐந்து எண்ணும் வரை காலைத் தூக்கிப் போவேன்.”

கனடாவில் உருவான கோ–ஆப் என்ற முறை இந்த யோசனையின் மேல் நிற்கிறது. இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நான்கு சொற்களையும் குழந்தைக்கே கற்றுக்கொடுப்பார்கள். திட்டத்தை நாம் சொல்லிவிடாமல் கேள்வி கேட்டு அதன் வாயிலிருந்தே வரவைப்பது இதில் முக்கியம். “பந்து வரும்போது உன் கண் எங்கே இருந்தது?” “கை எப்போது மூடியது?” என்று கேளுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் இது மிக நன்றாக எடுபடும். சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள், “பார்”, “பிடி” என்பதுபோல். டி.சி.டி.க்காக 2019இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகளும் இப்படிச் செயலையே மையமாக வைத்த பயிற்சியைத்தான் முன்னால் வைக்கின்றன. உங்கள் தெரபிஸ்டிடம் “இந்தப் பயிற்சி எந்த அன்றாடச் செயலுக்கு?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக வர வேண்டும்.

6. வலு: தினம் 10 நிமிடம்

நேரம் குறைவாக, நாள் தவறாமல். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பயிற்சி மையத்தில் செய்வதைவிட தினம் 10, 15 நிமிடம் வீட்டில் செய்வதுதான் பலன் தரும். ஒரு நாளைக்கு மூன்று பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 8 தடவை.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக நான்கு எண்ணியபடி உட்காருவது. எழுவதைவிட மெதுவாக இறங்குவதில்தான் தொடை வேலை செய்கிறது. பொத்தென்று விழுந்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

பாலம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ண வேண்டும். குழந்தை சத்தமாக எண்ணட்டும். எண்ணும் குழந்தை மூச்சை அடக்க முடியாது.

விமானம்: குப்புறப் படுத்து கைகளையும் நெஞ்சையும் தூக்குவது. கழுத்தை மட்டும் அண்ணாந்து தூக்கினால் பயனில்லை, பார்வை தரையிலேயே இருக்கட்டும்.

கரடி நடை, நண்டு நடை: தோளுக்கும் மணிக்கட்டுக்கும். எழுதும்போது கை சீக்கிரம் வலிக்கிறது என்று சொல்லும் பல குழந்தைகளுக்குத் தோள்தான் உறுதியாக நிற்காமல் தளர்கிறது. கைகளால் நடக்க வைத்துக் கால்களை நாம் பிடித்துக்கொள்ளும் கைவண்டி நடையும் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் தொடையருகே பிடியுங்கள். கணுக்காலைப் பிடித்தால் இடுப்பு தொய்ந்து முதுகு வளையும். முழங்கை பின்பக்கம் மடங்கும் குழந்தை முழங்கையைத் துளி மடித்தபடி செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் சுவரைத் தள்ளும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்ற பெயரே பிடிக்காத நாள்களும் வரும். அன்றைக்குத் துணிக்கூடையைத் தூக்கி வரச் சொல்லுங்கள், கனமான கதவைத் தள்ளித் திறக்கச் சொல்லுங்கள், மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

எவ்வளவு கடினம் சரி என்று தெரியவில்லையா? 10 தடவையில் ஏழெட்டு தடவை சரியாக வந்தால் அந்த நிலையிலேயே தொடருங்கள். பாதிக்கும் குறைவென்றால் எளிதாக்குங்கள். முதல் படியில் சொன்ன மூச்சடக்கம், தோள் ஏறுவது எல்லாம் தெரிந்தால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வலி என்று சொன்னாலும் நிறுத்துங்கள். மறுநாளும் வலி இருந்தால் தெரபிஸ்டிடம் கேட்காமல் தொடர வேண்டாம். கணுக்காலில் எடை கட்டிவிடுவது வேண்டவே வேண்டாம்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் நல்ல ஓட்டமும் ஆட்டமும், வாரம் 3 நாளாவது தசைக்கு வேலை தரும் விளையாட்டும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகளில் பலர் விளையாட்டிலிருந்து ஒதுங்குவதால் அந்த அளவு கிடைப்பதில்லை. தசை இன்னும் தளர்கிறது, அதனால் இன்னும் ஒதுங்குகிறார்கள். வீட்டில் செய்யும் 10 நிமிடம் இந்தச் சுழலை உடைக்கத்தான்.

7. சமநிலை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கண், உள்காது, தசை–மூட்டுகளிலிருந்து வரும் உணர்வு இவை மூன்றும் சேர்ந்துதான் உடம்பை நிமிர்த்தி வைக்கின்றன. ஒருங்கிணைப்புச் சிக்கல் உள்ள குழந்தைகளில் பலர் கண்ணையே அதிகம் நம்பி நிற்பார்கள். அதனால்தான் கண்ணைக் கட்டி விளையாடும்போதும் இருட்டிலும் ரொம்பத் தடுமாறுகிறார்கள்.

கால் வைக்கும் அகலம், கைகள், தரை, கண், கூடவே செய்யும் இன்னொரு வேலை என்று ஐந்தில் ஒன்றைத்தான் ஒரு சமயத்தில் கடினமாக்க வேண்டும். தலையணையின் மேல் ஒற்றைக் காலில் நின்று பந்து பிடி என்று தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடும். குழந்தை விழும், அடுத்த நாள் வராது.

தரையில் நிறத் துணி டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மிக அதிகம் பயன்பட்ட பொருள் இதுதான். முதலில் கோட்டின் மேல் சாதாரணமாக நடப்பது. பிறகு குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி வைப்பது. பிறகு பின்னோக்கி. பிறகு கையில் முக்கால் டம்ளர் தண்ணீரோடு. ஒவ்வொரு நிலையும் நிதானமாக வந்த பிறகே அடுத்தது. கோட்டைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து நடப்பது, கண்ணை மூடுவதற்கு முந்தைய படி.

ஒற்றைக் காலில் நிற்க வராத குழந்தைக்கு, மற்றக் காலை ஒரு பந்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பந்து நகரும் என்பதால் அதில் முழு எடையையும் போட முடியாது, அதனால் ஊன்றிய கால் வேலை செய்தே ஆக வேண்டும். பந்து நகராமல் பத்து எண்ணும் வரை நின்றால், பந்தை எடுத்துவிட்டு ஒரு விரலால் சுவரைத் தொட வையுங்கள். அப்புறம் விரலையும் எடுங்கள்.

பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது, வழுக்காத விரிப்பில் தலையணைகளைப் பரப்பி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்துப் போவது, கட்டம் போட்டுத் தாவுவது எல்லாம் நல்லவை. தாவும்போது இறங்குவதைக் கவனியுங்கள். முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். “பூனை மாதிரி இறங்கு” என்றால் போதும்.

பாதுகாப்புக்காக மூன்று. கண்ணை மூடும் பயிற்சியை இரண்டு சுவர் சேரும் மூலையில், நீங்கள் கைதொடும் தூரத்தில் நின்றுதான் செய்ய வைக்க வேண்டும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லும் யோசனை பல இடங்களில் வரும். வாயில் பிரஷ்ஷோடு விழுந்தால் தொண்டையில் குத்திவிடும், அதைச் செய்யாதீர்கள். குதிமேடையில் (டிராம்போலின்) ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும்.

8. அந்தச் செயலையே பழக்குவது

சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பக்கச் சக்கரம் மாட்டினால் மிதிக்கப் பழகும், சாய்ந்து சமாளிக்கப் பழகாது. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். (இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் திருகித் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.) இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்வரை இருக்கையை இறக்குங்கள். தலைக்கவசம் கட்டாயம்.

முதலில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். பிறகு பெரிய எட்டுகள். பிறகு இரண்டு காலாலும் உந்திவிட்டுக் காலைத் தூக்குவது. தூக்கிய நேரத்தைச் சத்தமாக எண்ணுங்கள். பார்வை முன்சக்கரத்துக்குப் போனால் சைக்கிளும் அந்தப் பக்கமே சாயும். தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கையும் இந்த நிலையிலேயே பழக்கிவிடுங்கள். வளைவில் கால் தொடாமல் திரும்ப வந்த பிறகு பெடலை மாட்டுங்கள், இருக்கையை மட்டும் உடனே உயர்த்தாதீர்கள். மற்ற பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்பதற்கு இவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அது பரவாயில்லை. இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடாதீர்கள். உங்கள் கைதான் சமநிலை பார்க்கும், குழந்தை பார்க்காது.

பந்துக்கும் இதே போக்குதான். ஊதிய பலூன் மெதுவாக வரும், யோசிக்க நேரம் தரும். அப்புறம் பெரிய மென்பந்து, முதலில் தரையில் ஒருமுறை தட்டி வரும்படி. அப்புறம் நேராக. பந்தின் அளவைக் குறைப்பது கடைசியில்.

உடுத்துவதை, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று கால்சட்டை போடுவதிலிருந்து தொடங்கலாம். அவசரமான காலை வேளையில் வேண்டாம், மாலையில் உடை மாற்றும்போது பழக்குங்கள்.

வெளியே சேர்ப்பதானால் நீச்சல், ஏறுதல், கராத்தே போன்றவை முதலில் நல்லவை. அவற்றில் குழந்தை தன் வேகத்தில் போகலாம். பாய்ந்து வரும் பந்தையும் பத்துப் பேரையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டிய குழு ஆட்டம் பிறகு. சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் பேசி, ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். ஒரு காலாண்டுப் பணத்தைக் கட்டும் முன் ஒரு வகுப்புக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

9. பள்ளியிடம் என்ன கேட்பது

அறிக்கை முழுவதையும் கொடுக்க வேண்டாம், அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: என்ன சிக்கல், எதனால் தாமதம், என்னென்ன வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் படும் நாற்காலி, இல்லையென்றால் காலடியில் ஒரு பலகை. எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம். உடை மாற்றவும் பையை அடுக்கவும் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்க அனுமதி. விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைக்காமல் எளிதாக்கிய வேலை. அணி பிரிக்கும்போது பிள்ளைகளே ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசி ஆளாக நிற்பது எந்தப் பயிற்சியாலும் ஆறாத வலி.

கல்வியாண்டு தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், ஆசிரியர் மாறும்போதெல்லாம் மறுபடியும் கொடுங்கள். தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பல மாதம் முன்பே போக வேண்டியிருக்கும், கடைசித் தேதியை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “சோம்பேறி” என்ற சொல் குறிப்பேட்டில் வந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். இந்தக் குழந்தைகள் அதே வேலைக்கு மற்றவர்களைவிட அதிகம் உழைக்கிறார்கள், அதனால் சீக்கிரம் களைக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் சும்மா இருக்க விட்டுவிட்டு அப்புறம் பயிற்சியைத் தொடங்குங்கள்.

10. பணம்

மதிப்பீட்டுக்கும் எழுத்து அறிக்கைக்கும் செலவழியுங்கள், அது வீண்போகாது. தொடர் அமர்வுகளுக்குப் பணம் குறைவென்றால், தெரபிஸ்டிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, வாரம் ஒன்றுக்குப் பதில் மாதம் ஒன்றோ இரண்டோ வந்து வீட்டுத் திட்டத்தைத் திருத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் ஒப்புக்கொள்வார், வீட்டுக்கென்று எழுதியும் தருவார். நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் வீட்டுப் பயிற்சி நடக்காது.

டேப், பலூன், ஒரு மென்பந்து, தலையணைகள், படிக்கட்டு. முதல் மூன்று மாதத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆடும் பலகை, பெரிய பயிற்சிப் பந்து எல்லாம் தெரபிஸ்ட் சொன்ன பிறகு வாங்கினால் போதும். “மூளையை மாற்றியமைக்கிறோம்”, “இத்தனை வாரத்தில் உத்தரவாதம்” என்று சொல்லும் தொகுப்புகளுக்கும், ஒருங்கிணைப்பைக் கூட்டும் என்று விற்கும் மாத்திரை, பொடிகளுக்கும் ஒரு காசும் தராதீர்கள்.

11. எப்போது திரும்பப் பார்ப்பது

வீட்டில் பழக்கம் படியச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் குழந்தை முரண்டு பிடிக்கலாம், அதை வைத்துத் திட்டத்தை மாற்றாதீர்கள். 8 முதல் 12 வாரத்தில் முதல் படியில் எடுத்த அதே வீடியோக்களை அதே இடத்தில், அதே உடையில் மறுபடி எடுங்கள். விநாடி கூடாவிட்டாலும் விரல்கள் தரையைக் கவ்வாமல், மூச்சு இயல்பாக இருந்தால் அது முன்னேற்றம்தான். இலக்கு எட்டியதா என்று குழந்தையிடமே கேட்டு, அடுத்த இலக்கையும் அதனிடமே கேளுங்கள்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லையென்றால் வீடியோக்களோடு தெரபிஸ்டிடம் போங்கள். இலக்கு பெரிதா, துண்டு பெரிதா என்று அவர் பார்த்துச் சொல்வார். இடையில் எப்போதாவது முன்பு வந்தது வராமல் போனால், விழுவது திடீரென்று அதிகமானால், தெரபிஸ்டுக்குக் காத்திருக்காமல் கோப்பை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம். முழு மறுமதிப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்; பள்ளிக் கடிதம் புதுப்பிக்க வேண்டிய தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் முன்பதிவு செய்தால் அறிக்கை கைக்கு வந்துசேர நேரம் இருக்கும்.